உள்ளங்கால் மச்சம்

தோல் தொழிற்சாலையில் அவருக்குக் கழிசல் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் யாரும் இல்லை. பதனிட்டு வரும் தோலை நீள மேசையில் விரித்துப் போட்டு, இது முதல் ரகம், இது இரண்டாம் ரகம், இது கழிவு என்று பிரிப்பது அவர் வேலை. நாற்பத்தோரு வருஷமாக அதே மேசை, அதே ஜன்னல் வெளிச்சம். உண்ணி கடித்த புள்ளி எது, முள் கிழித்த கீறல் எது, உப்பு சரியாகப் படாமல் அழுகின இடம் எது என்று கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் கழிவு. சந்தேகம் வராவிட்டாலும் பாதி நாள் கழிவுதான். மனுஷர்களையும் அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். முதல் ரகத்தில் இதுவரை ஒருவரும் தேறவில்லை.

அவரை நேருக்கு நேர் கழிசல் என்று கூப்பிடுகிற ஒரே ஆள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செருப்புத் தைக்கிற ஊசி. ஆளும் ஊசி, நாக்கும் ஊசி. இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. இருவருக்கும் நடுவில் இருந்த பகைக்கு வயது பத்தொன்பது.

அது ஒரு துண்டுத் தோலால் வந்தது. கழிசல் முதல் ரகம் என்று முத்திரை குத்தி அனுப்பின தோலில் ஊசி ஒரு வங்கி மேலாளருக்குச் சப்பாத்து தைத்துக் கொடுத்தார். இரண்டாம் மாதம் அந்த மனிதர் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசும்போது சப்பாத்தின் முன்பக்கம் வாய் பிளந்துகொண்டது. மாடு உயிரோடு இருந்தபோது அதன் முதுகுக்குள் புழு குடியிருந்து வெளியேறின துளைகள். மேல் பக்கம் மூடிக்கொண்டு வழவழவென்று இருக்கும். சதைப் பக்கம் திருப்பினால் வரிசையாகத் தெரியும். திருப்பிப் பார்க்காமல் முத்திரை குத்தியிருக்கிறாய் என்றார் ஊசி. உன் கடை ஈரத்தில் கெட்டுப் போனதற்கு நான் பொறுப்பா என்றார் கழிசல். ஊசி மிச்சமிருந்த துண்டை, முத்திரை நன்றாகத் தெரிகிற மாதிரி, கடைச் சுவரில் நாலு ஆணி வைத்து அடித்துவிட்டார். வருகிறவர் போகிறவரெல்லாம் அது என்ன என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல் கதை சொல்வார்.

அப்படியும் கழிசல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கடைப் படி ஏறத்தான் வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் சிமெண்ட் தரையில் நின்று நின்று அவர் பாதம் பலகை மாதிரி அகன்றுபோயிருந்தது. ஆலையில் செய்த செருப்பு எதற்குள்ளும் அது போகாது. அந்தப் பாதத்துக்கு அளவெடுத்துத் தைக்க ஊசியை விட்டால் வேறு நாதியில்லை. அந்த அவமானத்தை அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கசப்பு மருந்து மாதிரி விழுங்கிக்கொள்வார்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார்.

"வாய்யா கழிசல். இன்னும் சாகலையா?"

"உன் கடைக்குப் பூட்டு தொங்குறதைப் பார்த்துட்டுத்தான் சாவேன். அளவை எடு."

சுவரில் துண்டு இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். இருந்தது. தூசி தட்டி வைத்திருந்தான் பாவி.

ஊசி தரையில் காகிதத்தை விரித்தார். பாதத்தை வைக்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்தார். பிறகு பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார். இது ஊசியின் தொழில் முறை. வெறும் கோடு மட்டும் போதாது அவருக்கு. உள்ளங்காலைத் தடவிப் பார்த்து ஆணி எங்கே, வெடிப்பு எங்கே, காய்ப்பு எங்கே என்று அந்தந்த இடத்தில் அந்தந்த அளவுக்குக் காகிதத்தில் குறிப்பார். உள்தோலை அங்கங்கே மெலிசாகச் சீவ வேண்டுமே, அதற்காக. குறித்துக்கொண்டே வந்தவர் குதிகாலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது என்னய்யா?"

"சாயக் கறை. பட்டறைத் தரையில பட்டிருக்கும்."

ஊசி ஈரத்துணியை எடுத்துத் தேய்த்தார். போகவில்லை. கழிசலுக்கு அது போகாது என்று தெரியும். ஆறு மாதமாகக் குளிக்கும்போது கல்லை வைத்து உரசிப் பார்த்தவர்தானே.

"கறைன்னா போகணும்."

"அப்போ மச்சம். பொறந்ததுலேர்ந்து இருக்கு."

"பொறந்ததுலேர்ந்தா?" ஊசி எழுந்து போய் மூலையில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தார். யாருடைய பாதத்தையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. செத்தவர்கள் பாதமெல்லாம்கூட அந்தப் பெட்டிக்குள் இருந்தது. குடைந்து குடைந்து இரண்டு காகிதங்களை எடுத்து வந்து புதுக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "கண்ணு தெரியுதுல்ல? பாரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி, எள்ளு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மிளகு. இன்னைக்கு, சட்டைப் பொத்தான். அதுவும் ஒரு பக்கம் வால் விட்டிருக்கு."

"உன் பென்சில் மொக்கையாயிருக்கும்."

"என் பென்சிலுக்கு உன்னை மாதிரி பொய் சொல்லத் தெரியாதுய்யா. இந்த மாதிரி கால் ஒண்ணு எனக்குத் தெரியும். ஒரு லாரி டிரைவர். முதல் தடவை வந்தப்போ குதிகால்ல இப்படி ஒரு புள்ளி. மச்சம்னுதான் அவனும் சொன்னான். அடுத்த தடவை வந்தப்போ ஒத்தைச் செருப்பு போதும்னான். அதுக்கடுத்த தடவை ஆளே வரல."



"யோவ், நாற்பத்தோரு வருஷமா தோல் பார்க்கிறவன்கிட்ட நீ தோலைப் பத்திப் பேசுறியா?" என்று கழிசல் காலை உருவிக்கொண்டார். "புள்ளின்னா புள்ளி. மேசையில கிடக்கிற தோல்ல ஒரு புள்ளி இருந்தா அது நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். வளர்ந்து நான் பார்த்ததே இல்ல."

"நீ பார்த்ததெல்லாம் செத்த தோலு. இது உசுரோட இருக்கிற தோலுய்யா, மடையா. நகரும்."

கழிசல் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. அதுவரைக்கும் உனக்குச் செருப்பு கிடையாது."

"உன் செருப்பை நீயே மாட்டிக்க," என்று எழுந்தார். படி இறங்கும்போது குதிகாலை ஊன்றாமல் இறங்கினார். ஊசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டறை விளக்கையும் சவரக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, காலை மடித்து, கண்ணாடியைக் கீழே சாய்த்து வைத்துப் பார்த்தார். வேலை செய்கிற பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த சாக்குக்கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிட்டார். கட்டைவிரலால் அழுத்தினார். இழுத்துப் பார்த்தார். மேல் பக்கம் பிளக்கவில்லை. ஓரம் தூக்கவில்லை. ஆனால் ஓரம் எங்கே முடிகிறது என்றும் தெரியவில்லை. மை ஊறின காகிதம் மாதிரி இருந்தது. நடுவில் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு, வால் பக்கம் சாம்பல். இப்படி ஒன்று மேசைக்கு வந்திருந்தால் யோசித்திருக்கமாட்டார். வலது கை தானாகக் கழிவுக் கட்டுப் பக்கம் வீசியிருக்கும். தன் கால் என்றதும் கை இரண்டாம் ரகத்துக்குப் போனது.

"உள்ள என்ன குடும்பம் நடத்துறீங்க? அரைமணி நேரமாச்சு," என்று கதவைத் தட்டினாள் மனைவி.

"குளிக்கிறேன்."

"தண்ணிச் சத்தமே கேக்கல?"

"சத்தமில்லாம குளிக்கிறேன். போ அந்தப் பக்கம்."

மனைவிக்கும் ஒரு மச்சம் இருந்தது. கன்னத்தில், மூக்கை ஒட்டி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. வயதாக ஆக அது கொஞ்சம் உப்பி, நிறம் வெளுத்து, மூக்குக்கண்ணாடி போட்டால் இடித்தது. அவளுடைய தங்கை புருஷன், அதாவது கழிசலின் சகலை, ஒரு சரும அழகு நிலையத்தில் மேலாளர். நல்ல பல்லும் நிறையச் சிரிப்பும் உள்ளவன். "அக்கா, லேசர்ல பத்து நிமிஷம். ரப்பர் வெச்சு அழிச்ச மாதிரி போயிடும்," என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எடுக்கலாமா வேண்டாமா என்று கண்ணாடி முன்னால் நின்று நின்று ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

"எடுத்துடாதே," என்பார் கழிசல். "நாற்பது வருஷமா அதை வெச்சுத்தான் உன்னை அடையாளம் கண்டுபிடிக்கிறேன். அதுவும் போனா யாரையாவது கூட்டிட்டு வந்துடுவேன்."

"கூட்டிட்டு வாங்களேன். அவளாவது நிம்மதியாச் சமைச்சுப் போட்டு உங்க வசவைக் கேக்கட்டும்."

ஊசியின் கடையிலிருந்து வந்த நாலாம் நாள், கழிசல் தானாகச் சகலையைத் தேடிப் போனார். அவர் கணக்கு இதுதான். பத்து நிமிஷத்தில் சுட்டுப் பொசுக்கிவிட்டால், ஊசி முன்னால் காலைத் தூக்கி வைத்து, எங்கேடா புள்ளி என்று கேட்கலாம். காகிதத்தைக் கிழித்துப் போடு, உன் பென்சில் பொய் என்று சொல்லலாம். அந்த முகம் சுருங்குவதைப் பார்ப்பதற்காக ஒரு குதிகாலைச் சுட்டுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. பயம் என்று ஒன்று அடியில் இருந்தது. அதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"அண்ணே! நீங்களா? அதிசயமா இருக்கே," என்று சகலை எல்லாப் பல்லையும் காட்டினான். காலைப் பார்த்தான். "இதானே? சப்பை மேட்டர். இப்பவே முடிச்சுடலாம்."

கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வெள்ளைப் படுக்கை. ஒரு சின்னப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தாள். எத்தனை நாளாக இருக்கிறது, வளர்ந்ததா, அரிக்கிறதா, ரத்தம் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலித்தால் சொல்லுங்க சார் என்று மட்டும் சொன்னாள். இயந்திரம் வண்டு மாதிரி முனகத் தொடங்கியது.

"ஏம்மா, இரு," என்றார் கழிசல். "சுட்ட பிறகு அது எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். புகையாயிடும்."

"அப்போ அதோட அடிப்பக்கத்தை யாரு பார்ப்பாங்க?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. சகலையைப் பார்த்தாள். சகலை சிரித்தான். "அடிப்பக்கத்தை எதுக்குண்ணே பார்க்கணும்? போனாச் சரி."

கழிசல் எழுந்து உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நாற்பத்தோரு வருஷத்துல நான் ஒரு தோலை எரிச்சுட்டு ரகம் சொன்னதில்ல. புகையை எப்படிடா ரகம் பார்ப்பே? அடியில என்ன இருக்குன்னு தெரியாம மேல மட்டும் வழிச்சுட்டா, உள்ள இருக்கிறது உள்ளயேதானே இருக்கும்?"

"அண்ணே, இது மாடு இல்ல."

"மாடு கூட உன்கிட்ட வராது. என் பொண்டாட்டி கன்னத்தையும் இப்படித்தான் பொசுக்கப் பார்த்தியா? இனிமே அக்கா கிக்கான்னு வீட்டுப் பக்கம் வந்தே, பல்லு இருக்காது."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குளிர்ந்த அறையிலிருந்து தெருவெயிலுக்கு வந்தார். திட்டினது சகலையைத்தான். ஆனால் திட்டின வார்த்தை திரும்பி வந்து தன்மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. மேல் பக்கம் மட்டும் பார்த்து முத்திரை குத்தின கை எது என்று அவருக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில், "உன் மச்சத்தை அரசு ஆஸ்பத்திரியில காட்டலாம், கிளம்பு," என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. மேசைக்குப் புது ஆள் வேலைக்கு வந்தால், கழிவுக் கட்டுக்குள் ஒரு நல்ல தோலைச் செருகி வைப்பார். புதியவன் எல்லாவற்றையும் கழிவு என்று தள்ளினால் அவன் பயந்தாங்கொள்ளி. எல்லாவற்றையும் நல்லது என்றால் குருடன். டாக்டரையும் அப்படித்தான் சோதிப்பது என்று வைத்திருந்தார். முதலில் மனைவி கன்னத்தைக் காட்டுவது, பிறகு தன் கழுத்தில் தொங்குகிற மரு, பிறகு தோள்பட்டை மச்சம். எல்லாவற்றையும் வெட்டு என்றால் திருட்டு டாக்டர், எழுந்து வந்துவிடலாம். காலைக் காட்டுவதா வேண்டாமா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். சரும டாக்டர் நடுத்தர வயதுப் பெண். தூக்கம் இல்லாத முகம். நிமிர்ந்து பார்க்காமலே உட்காரச் சொன்னாள். மனைவியின் கன்னத்தில் ஒரு சின்ன விளக்குப் பொருத்தின உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு வருஷமா இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து. கொஞ்சம் உப்பியிருக்கு, அவ்வளவுதான்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு, ஓரம் சுத்தமா இருக்கு, ஒரே நிறம். வயசானா இப்படி உப்பி வெளுக்கிறது சகஜம். ஒண்ணும் பண்ண வேண்டாம். கண்ணாடி இடிச்சா கண்ணாடியை மாத்துங்க. அழகுக்காக எடுக்கணும்னாலும் உங்க இஷ்டம், ஆனா தழும்பு விழலாம். சுடாதீங்க. எடுத்தா வெட்டி எடுத்து, சோதனைக்கு அனுப்பணும்."

"என் கழுத்துல பாருங்க," என்றார் கழிசல்.

"இது மரு. விடுங்க."

"தோள்ல."

"மச்சம். மச்சம்னா இப்படித்தான் இருக்கும். விடுங்க. ஐயா, வெளியில அறுபது பேர் நிக்கிறாங்க. இதுக்காகவா வந்தீங்க?"

டாக்டர் தேறிவிட்டாள். வெட்டுவதற்கு அலைகிறவள் இல்லை. கழிசலுக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விடு விடு என்று மூன்று முறை சொன்னவள் நாலாவதை வெட்டு என்று சொன்னால் அது நிஜமாகிவிடுமே. அவர் எழுந்தார்.

"அவ்வளவுதான் டாக்டரம்மா. வரோம்."

"உட்காருங்க," என்றாள் மனைவி.

அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. அவள் பையைத் திறந்து மூன்று காகிதங்களை எடுத்து டாக்டர் மேசைமேல் விரித்தாள். எள், மிளகு, சட்டைப் பொத்தான். மூன்றிலும் ஊசியின் கோணல் எழுத்தில் தேதி.

"அந்தத் திருட்டுப் பய வீட்டுக்கு வந்தானா?" என்று கத்தினார் கழிசல்.

"நீங்க வேலைக்குப் போயிருந்தப்போ வந்தார். வாசல்லயே நின்னு கொடுத்துட்டுப் போனார். உள்ள வாங்கன்னேன். உன் புருஷன் இருக்கிற வீட்டுல தண்ணி கூட குடிக்கமாட்டேன், ஆனா இதை டாக்டர்கிட்ட காட்டுன்னார். செருப்பைக் கழட்டுங்க."

"மாட்டேன்."

"நாலு நாளா குளியலறைக்குள்ள விளக்கோட என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? சாக்குக்கட்டி வட்டம் துடைக்காம தூங்குற ஆளு நீங்க. கழட்டுங்க, இல்லன்னா இந்த அறுபது பேரையும் கூப்பிட்டு அமுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கழட்டுவேன்."

டாக்டர் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவள் முகத்திலிருந்து தூக்கக் கலக்கம் போயிருந்தது. "இதை யார் வரைஞ்சது?"

"ஒரு மூணாம் ரகச் செருப்புக்காரன்," என்றார் கழிசல்.

"மச்சம் எப்படி வளர்ந்துச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. தேதி போட்டுக் கொண்டுவந்த முதல் ஆளு நீங்கதான். காலைத் தூக்குங்க."

தூக்கினார். டாக்டர் வெகுநேரம் பார்த்தாள். பேசும்போது சுற்றி வளைக்கவில்லை. நம் மாதிரி நிறத்தில் இருப்பவர்களுக்கு மச்சத்தில் புற்று வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இந்த இடங்களில்தான் அதிகம் வரும், யாரும் பார்க்காத இடம் என்றாள். ஒரு பாதி இன்னொரு பாதி மாதிரி இல்லை, ஓரம் கலைந்திருக்கிறது, மூன்று நிறம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே, வளர்ந்திருக்கிறது என்றாள். "இது அதுதான்னு நான் இப்ப சொல்லல. இல்லன்னும் சொல்லல. முழுசா வெட்டி எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நான் கெஞ்சமாட்டேன்."

கழிசலுக்கு அந்தப் பதில் பிடித்தது. கெஞ்சுகிறவனை அவர் நம்பினதே கிடையாது. "வெட்டினதை என்ன பண்ணுவீங்க?"

"லேபுக்கு அனுப்புவோம். மெலிசு மெலிசாச் சீவி, கண்ணாடிக்கு அடியில வெச்சு, எவ்வளவு ஆழம் போயிருக்கு, சுத்தி ஓரம் சுத்தமா இருக்கான்னு பார்ப்பாங்க."

"அடிப்பக்கம் பார்ப்பீங்களா?"

"அதுக்குத்தானே வெட்டுறதே."

அவர் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில் எதையும் ஆணியடித்து மாட்டியிருக்கவில்லை. "எப்போ?" என்றார்.

அடுத்த வாரம் குதிகாலை மரக்க வைத்து வெட்டினார்கள். வெட்டினதைக் காட்டினால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தார். செவிலிப்பெண் தலையில் அடித்துக்கொண்டு, மருந்துத் தண்ணீர் நிறைந்த சின்னப் புட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "திருப்பும்மா," என்றார். புட்டியைச் சாய்த்தாள். ஒரு பக்கம் அந்தப் பொத்தான், வாலோடு. மறுபக்கம் வெள்ளையாக, ஈரமாக, சதை. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். தன் உடம்பிலேயே இருந்த ஒரு விரல் அகலத் தோல். நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார். அதைக் கேட்டு மனைவி பயந்துபோனாள். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் வீட்டில் எல்லோரையும் கடித்துக் குதறினார். பால்காரன், பக்கத்து வீட்டு வானொலி, நாற்காலியின் கால், ஒன்றும் தப்பவில்லை. நலம் விசாரிக்க வந்த சகலையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவன் வாங்கி வந்த பழத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

"கெட்ட ரகம்தான்," என்றாள் டாக்டர், அவர் பாஷையிலேயே. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆனா ஆழம் போகல. மேலாப்புல நிக்குது. இன்னும் அரை வருஷம் கல்லை வெச்சு உரசிட்டு உட்கார்ந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். சுத்தி இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டணும். தொடையிலேர்ந்து தோல் எடுத்து அங்க ஒட்டணும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். வராம இருந்தீங்க, ஆள் அனுப்புவேன்."

"தொடையில எந்த இடம்?" என்று கேட்டார். டாக்டர் தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், இழுத்து விட்டார். "எடுத்துக்கங்க. முதல் ரகம்," என்றார்.

இரண்டு மாதம் கழித்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஊசியின் கடைப் படி ஏறினார். ஊசி மும்முரமாகத் தைப்பது மாதிரி பாசாங்கு செய்தார்.

"ரெண்டு கால் இருக்கா, ஒண்ணுக்குத் தைச்சாப் போதுமா?"

"ரெண்டு இருக்கு. உன்னை உதைக்கிறதுக்கு ஒண்ணு போதும். என் வீட்டு வாசலுக்கு வந்தியாமே? யாரு உன்னைக் கூப்பிட்டா?"

"உன் பொண்டாட்டி நல்லவ. அவளை விதவையாப் பார்க்க மனசு வரல. உனக்காக வந்தேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல. வரை."

ஊசி காகிதத்தை விரித்தார். சுற்றி வரைந்தார். பாதத்தைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டு, குதிகாலுக்குப் பக்கத்தில் பள்ளமாக, வேறு நிறத்தில், ஒட்டுப் போட்ட மாதிரி இருந்த இடத்தைப் பார்த்தார். வழக்கமாக அழுத்துகிற விரல் அங்கே அழுத்தவில்லை. காகிதத்தில் அந்த இடத்தைக் கோடு கோடாகக் குறித்து, தேதி போட்டார்.

"இங்க உள்தோலைக் குழிவாச் சீவணும். மெத்துன்னு ஒரு பட்டை வைக்கணும். மட்டமான தோலாப் பிரிச்சு அனுப்பாதே உங்க பட்டறையிலேர்ந்து."

"நான் அனுப்பினா நல்லதாத்தான் இருக்கும்."

ஊசி சுவரைக் காட்டினார்.

கழிசல் அந்தத் துண்டைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஓரக்கண்ணால் பார்க்காமல் நேராகப் பார்த்தார். முத்திரை அழியாமல் இருந்தது. தடியை ஊன்றி எழுந்து பக்கத்தில் போனார்.

"தொடாதே," என்றார் ஊசி. "அதை நான் கழட்டமாட்டேன். நீ செத்தாலும் கழட்டமாட்டேன்."

"யாருய்யா கழட்டச் சொன்னா? திருப்பி அடி."

"என்னது?"

"ஆணியைப் பிடுங்கிட்டுத் திருப்பி அடி. சதைப் பக்கம் வெளியில தெரியணும். வெறும் முத்திரையை மட்டும் காட்டி என்னய்யா கதை சொல்றே? வர்றவன் துளையைப் பார்க்கட்டும்."

ஊசி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அப்போ ஒத்துக்கிறியா? அன்னைக்கு நீ திருப்பிப் பார்க்கலன்னு?"

"உன் கடையில இன்னமும் ஈரம் அடிக்குது," என்றார் கழிசல். "சுத்தியலை எடு."

ஊசி எடுத்தார். நாலு ஆணியையும் ஒவ்வொன்றாக நெம்பினார். துண்டைத் திருப்பிச் சுவரில் வைத்தார். வரிசையாக ஏழு துளை, விளக்கு இல்லாமலே தெரிந்தது. கழிசல் அவற்றை எண்ணினார்.

"ஆணி கோணலாப் போகுது பார். தொழில் தெரிஞ்சவன் எவனாவது இப்படி அடிப்பானா?"

"உட்காருய்யா, இன்னொரு கால் பாக்கி இருக்கு," என்றார் ஊசி.

கழிசல் உட்கார்ந்து, அடுத்த செருப்பைக் கழற்றினார். "நல்லாப் பாரு," என்றார். "இந்தக் காலையும் திருப்பி நல்லாப் பாரு. மொக்கைப் பென்சிலைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடு."